முதல் ஹெல்மெட் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் யார் புது வண்டி எடுத்தாலும் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். பூசணிக்காய் சுற்றி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்க அத்தையை. ஹெல்மெட் வாங்கக் கடைக்குக் கூட வர என்னை. நான் மெக்கானிக்கும் இல்லை, ஹெல்மெட் வியாபாரியும் இல்லை. சென்னையில் பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஆரம்பத்தில் தப்புத் தப்பாக மூன்று ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி. கடைக்குப் போகும் வழியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஷோரூமில் வண்டியோடு ஒரு ஹெல்மெட் தருகிறார்களே, அது போதாதா?

இரு சக்கர வாகனம் விற்கும்போது பிஐஎஸ் (பொருள்களுக்குத் தரம் நிர்ணயித்து ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பு) தரத்துக்கு உட்பட்ட ஒரு ஹெல்மெட்டும் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி சொல்கிறது. டெலிவரி அன்று மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் ஒரே அளவில்தான் குவித்து வைத்திருப்பார்கள். உங்கள் தலையை யாரும் அளக்காமல் கையில் திணிக்கும் பொருள் அது. கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் தாராளமாகப் போடலாம். தேறாவிட்டால் விட்டுவிடுங்கள். "பின்னால் உட்காருகிறவருக்கு ஆகும்" என்று எடுத்து வைப்பதும் சரியில்லை. பின்னால் உட்காருகிறவருக்கும் தலை ஒன்றுதான்.

முதலில் எதைப் பார்ப்பது? பிராண்டா, விலையா?

அளவு. எவ்வளவு நல்ல ஹெல்மெட்டாக இருந்தாலும் லொடலொடவென்று ஆடினால், விழும்போது இடம் மாறிவிடும். சில சமயம் கழன்றே போய்விடும். உங்கள் தலைக்கு அச்சாகப் பொருந்தும் 1,500 ரூபாய் ஹெல்மெட், ஆடிக்கொண்டிருக்கும் 15,000 ரூபாய் ஹெல்மெட்டைவிட மேல்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடைக்குள் நுழைந்ததும் கை நேராக கிராபிக்ஸ் பக்கம்தான் போகும். நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் ஹெல்மெட் ஒரு அளவு பெரிது. "கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும் தம்பி" என்று கடைக்காரரே எடுத்துத் தந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ஐத் தொட்டதும் காற்று அதைப் பின்னால் இழுக்க, வார் கழுத்தை நெரித்தது. கண்ணாடி பார்க்கத் தலையைத் திருப்பினால் நான் திரும்பினேன், ஹெல்மெட் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது.

தலையை எப்படி அளப்பது?

டெய்லர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். புருவத்துக்குச் சுமார் ஒரு இஞ்ச் மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகமாகப் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து, வந்ததில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் எழுதுங்கள், அட்டவணைகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். 58 செ.மீ. தலை ஒரு கம்பெனிக்கு எம், இன்னொரு கம்பெனிக்கு எல். "நான் எப்பவும் எல்தான்" என்பது சட்டைக்குச் சரி. ஹெல்மெட்டுக்கு அந்தந்தக் கம்பெனியின் அட்டவணைதான் கணக்கு.

போட்டுப் பார்க்கும்போது சரியான அளவு என்று எப்படித் தெரியும்?

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். புது ஹெல்மெட் தலைக்குள் இறங்கும்போது சற்று மல்லுக்கட்ட வேண்டும். வார்களை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக இறக்குங்கள். தொப்பி மாதிரி சுலபமாக உட்கார்ந்தால் அது பெரிது.

உள்ளே போனதும் கன்னத்தில் இருக்கும் பஞ்சு கன்னங்களை அழுத்த வேண்டும். வாயில் பன் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். அது நல்ல அறிகுறி. இந்தப் பஞ்சு சில வாரங்களில் அமுங்கிவிடும். கடையில் சொகுசாக இருப்பது இரண்டு மாதத்தில் தொளதொளத்துவிடும் என்பதால்தான், கொஞ்சம் இறுக்கமாகவே வாங்கச் சொல்கிறேன்.

அப்புறம் ஆட்டிப் பாருங்கள். தாடைப் பக்கத்தைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் முகத்தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து இழுபட வேண்டும். தோல் அப்படியே இருந்து ஹெல்மெட் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் பெரிது. அடுத்தது முக்கியமானது, கடையில் ஒருத்தரும் செய்வதில்லை. வாரை மாட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, கூட வந்தவரை விட்டு ஹெல்மெட்டின் பின் அடிவிளிம்பைப் பிடித்து முன்னும் மேலுமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால், கடைக்காரர் என்ன தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

இறுக்கம் வேறு, வலி வேறு. பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். அவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்துகிறதா? கழற்றியதும் அங்கே சிவந்த தடம் இருக்கிறதா? அப்படியானால் அளவு சரியாக இருந்தாலும் வடிவம் ஒத்துவரவில்லை. சிலர் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், சிலர் தலை உருண்டையாக இருக்கும். ஹெல்மெட்டின் உட்கூடும் அப்படித்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நெற்றி வலித்து, காதுக்கு மேலே பக்கவாட்டில் இடம் விட்டிருந்தால் உங்களுடையது நீண்ட தலை. அதற்கு ஒரு அளவு பெரிதாக எடுப்பது தீர்வாகாது. வேறு மாடலைப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கலாமா?

முதல் ஹெல்மெட் என்றால் வேண்டாம். சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். மற்ற ஊர்களிலும் பெரிய கடை ஒன்றாவது இருக்கும். ஒரு மாடலும் அளவும் உங்களுக்குச் சரி என்று தெரிந்த பிறகு, அதையே அடுத்த முறை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும்.

சாலையோரத்தில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே? அதிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே?

முத்திரை இருக்கிறது, ஸ்டிக்கராக. ஸ்டிக்கர் அடிக்க அச்சகம் போதும்.

இந்தியாவில் ஹெல்மெட்டுக்கான தர விதி ஐஎஸ் 4151. 2021 ஜூன் 1 முதல் இந்த விதிக்கு உட்பட்டு ஐஎஸ்ஐ முத்திரை பெறாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். உண்மையான முத்திரையில் மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியை போனில் இறக்கி, அந்த உரிம எண்ணைத் தட்டினால் அது எந்தக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது, எந்தப் பொருளுக்கு, உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். ஹெல்மெட்டில் இருக்கும் பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள்.

செயலி இல்லாவிட்டாலும் கையே சொல்லிவிடும். உள்துணியை விலக்கிப் பாருங்கள். மேலோட்டுக்கும் துணிக்கும் நடுவில் கெட்டியான, தடிமனான தெர்மோகோல் அடுக்கு இருக்க வேண்டும். 300 ரூபாய் சமாச்சாரத்தில் மெத்தைக்குப் போடும் மெல்லிய பஞ்சுதான் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. மழைக்கு நனையாமல் போக உதவும், போலீஸுக்குக் காட்ட உதவும். தரையில் மோதினால் உதவாது.

தெர்மோகோலா? அதுவா தலையைக் காப்பாற்றுகிறது?

ஆமாம், பொம்மைப் பெட்டிக்குள் வரும் அதே குடும்பம்தான். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போட்டு வார்த்தது. தலை தரையில் மோதும்போது நடப்பது இதுதான்: மண்டை ஓடு சட்டென்று நின்றுவிடும், உள்ளே இருக்கும் மூளை நிற்காது, ஓட்டின் உட்புறத்தில் போய் இடிக்கும். தெர்மோகோல் நசுங்கும்போது தலை நிற்பதற்குச் சில மில்லி விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அந்தச் சில மில்லி விநாடிகளுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வெளியே இருக்கும் ஓடு கூரான பொருள் உள்ளே வராமல் தடுத்து, அடியைப் பரவலாக்கித் தெர்மோகோலிடம் ஒப்படைக்கும்.

இதன் கதை சுவாரசியமானது. 1935 மே மாதம், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியை ஒடித்து விழுந்து, ஆறு நாள் கழித்து இறந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் பிறகு ராணுவத்தில் தகவல் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நசுங்கும் நுரையை உள்ளே வைக்கும் யோசனைக்கு 1953-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இன்று வரை அடிப்படை அதுதான்.

இசிஇ, டாட் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, வாங்க வேண்டுமா?

நம் நாட்டில் ஐஎஸ்ஐ கட்டாயம். அதோடு சேர்த்து இசிஇ சான்றும் இருந்தால் நல்லது, பட்ஜெட் இடம் கொடுத்தால் எடுங்கள். இசிஇ என்பது ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கும் ஐ.நா. விதி. இப்போதைய பதிப்பு 22.06. முந்தைய 22.05-ஐவிடக் கடுமையானது: குறைந்த வேகம், அதிக வேகம் இரண்டிலும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள், சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். நிஜத்தில் நாம் சாலையில் செங்குத்தாக விழுவது அபூர்வம், சறுக்கிச் சாய்ந்துதான் விழுகிறோம் என்பதால் இந்தச் சோதனைக்கு அர்த்தம் இருக்கிறது. வாரில் தைத்த துணிச் சீட்டில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் சான்று கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 9 ஸ்பெயின்.

டாட் அமெரிக்க விதி. அங்கே தயாரிப்பாளரே "என் ஹெல்மெட் விதிப்படி இருக்கிறது" என்று ஒட்டிக்கொள்வார், அரசு பிறகு சந்தையில் எடுத்துச் சோதிக்கும். அமெரிக்காவில் அது நடக்கும். நம் ஊர்க் கடையில் வெறும் டாட் ஸ்டிக்கரை மட்டும் பார்த்தால் அதற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

மிப்ஸ் என்று மஞ்சள் புள்ளி போட்டு விற்பதும் சுழற்சியைக் குறைக்கத்தான். தலைக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில் வழுக்கும் ஒரு அடுக்கு, ஸ்வீடனில் உருவானது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாதகமில்லை.

சோதனை எந்த வேகத்தில் நடக்கிறது? நான் 60-ல் போகிறேனே?

இசிஇ 22.05-ல் விநாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். கேட்டதும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அது தலை தரையை இடிக்கும் வேகம், வண்டியின் வேகம் இல்லை. 60-ல் போய்ச் சறுக்கினாலும் தலை விழுவது வண்டியில் நாம் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்துதான். 7.5 மீட்டர் வேகம் என்பது கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், ஒரு மாடி உயரம். லாரியிலோ மின்கம்பத்திலோ நேராக மோதினால் கணக்கு வேறு. அங்கே எந்த ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு.

இருந்தாலும் மொத்தக் கணக்கு சாதகமாகத்தான் இருக்கிறது. 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) அறிக்கை, ஹெல்மெட் அணிவது இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது.

ஃபுல் ஃபேஸா, ஓபன் ஃபேஸா?

ஃபுல் ஃபேஸ். விழும்போது தாடையும் வாயும்தான் பல சமயம் முதலில் தரையைத் தொடுகின்றன. ஓபன் ஃபேஸில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "வெறும் ஸ்கூட்டிதான், பக்கத்துத் தெரு மார்க்கெட்டுக்குத்தான்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். சட்டி ஹெல்மெட், அதாவது காதுக்கு மேலேயே முடிந்துவிடும் பாதி ஹெல்மெட்டை, நான் ஹெல்மெட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தாடைப் பகுதியை மேலே தூக்கும் மாடுலர் ஹெல்மெட் கண்ணாடி போடுகிறவர்களுக்கும், அடிக்கடி நின்று வழி கேட்கிறவர்களுக்கும் வசதி. இசிஇ சான்று உள்ளதில் பி/ஜே என்று குறியிருந்தால் மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் சோதித்தது என்று அர்த்தம். ஜே மட்டும் இருந்தால் அந்தத் தாடைப் பட்டை பாதுகாப்புக்கு என்று சான்று பெறவில்லை. கூடுதல் எடையையும் கவனியுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

ஐஎஸ்ஐ உள்ள நல்ல ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டட்ஸ், ஸ்டீல்பேர்ட், வேகா போன்ற உள்நாட்டுக் கம்பெனிகளிடம் இந்த விலையில் நிறைய மாடல்கள் உண்டு. இசிஇ-யும் சேர்ந்தது வேண்டுமென்றால் சுமார் 3,500-லிருந்து தொடங்கும். எஸ்எம்கே, ஆக்சர், எல்எஸ்2, எம்டி போன்றவை இந்த வட்டத்தில் வரும். இதற்கு மேலே போகப் போக எடை குறையும், சத்தம் குறையும், காற்று நன்றாக வரும், உள்துணி மேம்படும். ஷூயி, அராய் போன்ற ஜப்பான் ஹெல்மெட்டுகள் ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்குப் போகும். முதல் ஹெல்மெட்டுக்கு அது தேவையே இல்லை. கார்பன் ஃபைபர் ஓடும் அப்படித்தான்.

எடையை மட்டும் கையில் தூக்கிப் பாருங்கள். ஃபுல் ஃபேஸ் பொதுவாக 1.2 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை டிராஃபிக்கில் ஊர்கிறவருக்கு அந்த 400 கிராம் வித்தியாசம் மாலையில் கழுத்தில் தெரியும்.

வார் எப்படி இருக்க வேண்டும்?

மாட்டியிருக்க வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நம் ஊரில் பாதிப் பேர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாரைத் தோரணம் போலத் தொங்கவிட்டுத்தான் போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஹெல்மெட் வாரால் தலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கவும் இடமுண்டு.

வகையில், பல் பல்லாக ஏறும் மைக்ரோமெட்ரிக் க்ளிப் தினசரி ஓட்டத்துக்குச் சௌகரியம். இரட்டை டி வளையம் எளிமையானது, உடைய ஒன்றுமில்லை, ஒவ்வொரு முறையும் தாடைக்குத் தகுந்தபடி தானாக இறுகும். வாரை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, வெளி வளையத்தின் மேலாகத் திருப்பி, உள் வளையம் வழியாக மட்டும் இழுக்க வேண்டும். நான்கு நாள் தடுமாறுவீர்கள், அப்புறம் கையுறை போட்டுக்கொண்டே மாட்டுவீர்கள். சீட் பெல்ட் மாதிரி டக்கென்று மாட்டும் பக்கிள் என்றால், நீளத்தைச் சரிசெய்த பிறகும் அவ்வப்போது பாருங்கள், தளர்ந்துகொண்டே போகும். எதுவானாலும் தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் போனால் சரி, முஷ்டி போனால் தப்பு.

கருப்புக் கண்ணாடி போட்டால் ஸ்டைலாக இருக்குமே?

பகலில் இருக்கும். இரவு ஏழு மணிக்கு வேகத்தடை தெரியாமல் பறக்கும்போது ஸ்டைல் போய்விடும். வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி, நிறமில்லாமல் தெளிவாக இருப்பதாக வாங்குங்கள். வெயிலுக்கு உள்ளே இறங்கும் கருப்புக் கண்ணாடி உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. கீறல் விழுந்த வைசரையும் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எதிரே வருகிறவர் ஹை பீம் போட்டால் ஒவ்வொரு கீறலும் ஒரு வெளிச்சக் கோடாகிவிடும். உதிரி வைசர் சில நூறு ரூபாய்தான். வாங்கும்போதே அந்த மாடலுக்கு உதிரி வைசர் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூச்சுக்காற்றே உள்ளே ஆவியாகப் படியும். பின்லாக் என்ற உள் ஒட்டுக் கண்ணாடி இதற்கு நல்ல தீர்வு, வைசரில் அதற்கான இரண்டு முளைகள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தாடையருகே உள்ள காற்றுத் துளையைத் திறந்து, வைசரை ஒரு பல் மட்டும் தூக்கி ஓட்டுவதுதான் வழி.

நம் ஊர் வெயிலில் எப்படிப் போடுவது? முடி கொட்டுமாமே?

வெயில் உண்மை. சித்திரை மாதம் மதியம் சிக்னலில் நின்றால் மண்டைக்குள் இட்லி வேகும். நெற்றியில் காற்று நுழையவும் பின்னால் வெளியேறவும் துளை உள்ளதை எடுங்கள். வெளியே ஓட்டை இருந்தால் போதாது, உள்ளே தெர்மோகோலிலும் வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் வெளித்துளை வெறும் அலங்காரம். விரலால் துழாவினால் தெரிந்துவிடும்.

முடி கொட்டுவதற்கு ஹெல்மெட்டைக் குற்றம் சொல்கிறவர்கள் அதன் உள்துணியை ஒருமுறையாவது துவைத்தார்களா என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் தூசியும் ஊறிய துணி தலையில் தேய்ந்தால் அரிப்பும் பொடுகும் வரத்தான் செய்யும். உள்துணி கழற்றித் துவைக்கும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாதம் இரண்டு முறை ஷாம்பூ போட்டு அலசி நிழலில் காயவையுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ஈரத்தலையோடு போடாதீர்கள்.

பின்னலும் கொண்டையும் இருக்கிறதே, என்ன செய்வது?

பின்மண்டையில் கொண்டையோ, உயரத்தில் குதிரைவாலோ இருந்தால் ஹெல்மெட் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், வாரும் தாடையைப் பிடிக்காது. கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிவிட்டுப் போடுங்கள். பெரிய க்ளிப் வேண்டாம். பூவைப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். என் தங்கை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுபோகிறாள். அளக்கும்போதும் தினமும் எப்படி முடி கட்டுவீர்களோ அப்படியே கட்டி அளக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கண்ணாடிக் கம்பி காதுக்கு மேலே அழுத்தக் கூடாது. சில மாடல்களில் அதற்கென்றே பள்ளம் விட்டிருப்பார்கள்.

பின்னால் உட்காருகிறவர், குழந்தைகள்?

நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயமானது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், குழந்தைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2022-ல் வந்த விதி சொல்கிறது. குழந்தைக்குப் பெரியவர்களின் ஹெல்மெட்டைக் கவிழ்ப்பது ஆபத்து. "வளர்ந்தாலும் ஆகும்" என்று பள்ளிச் சீருடை மாதிரி பெரிதாக வாங்குவதும் அப்படியே.

ஃபுல் ஃபேஸ் போட்டால் ஹார்ன் கேட்காது, பக்கவாட்டில் தெரியாது என்கிறார்களே?

அமெரிக்க விதியே நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 105 டிகிரி பார்வை வேண்டும் என்கிறது. தோளுக்கும் சற்றுப் பின்னால் வரை தெரிகிற கணக்கு அது. கடையில் தலையைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பாருங்கள், விரல் தெரியும். காது விஷயத்தில், வேகமாகப் போகும்போது நம் காதை அடைப்பது காற்றின் இரைச்சல். ஹெல்மெட் அதையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. மாநகர பஸ்ஸின் ஹார்ன் எதைப் போட்டாலும் கேட்கும்.

போனை ஹெல்மெட்டுக்குள் சொருகிப் பேசலாமா?

போன் உள்ளே நுழைகிறதென்றால் ஹெல்மெட் பெரிது.

ஒருமுறை கீழே விழுந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

தலை உள்ளே இருக்கும்போது விழுந்து மோதியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது; அதே இடத்தில் அடுத்த அடி விழுந்தால் வாங்க ஒன்றும் மிச்சமிருக்காது. காலி ஹெல்மெட் மேசையிலிருந்து உருண்டு விழுந்ததற்கெல்லாம் பதற வேண்டாம். உள்ளே துணியைக் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா, ஓட்டிலிருந்து தெர்மோகோல் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். இதே காரணத்தால் செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். அதன் சரித்திரம் நமக்குத் தெரியாது.

அடிபடாவிட்டாலும் பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் பாருங்கள். கடையிலேயே இரண்டு வருடம் தூங்கிய பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள்.

வண்டியில் எங்கே மாட்டி வைப்பது?

கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து வைக்காதீர்கள், அதன் முனை உள் தெர்மோகோலைக் குழித்துவிடும். பெட்ரோல் டேங்க் மேல் வைப்பதும் வேண்டாம். பெட்ரோலும் தின்னரும் தெர்மோகோலையும் பிளாஸ்டிக் ஓட்டையும் அரிக்கும். பெயின்ட் கறையைத் தின்னரால் துடைத்து என் இரண்டாவது ஹெல்மெட்டை நானே கெடுத்தேன். சோப்புத் தண்ணீர் போதும். வெயிலில் வண்டி சீட்டில் காயவிடாமல் கையோடு எடுத்துப்போங்கள். அலுவலக மேசைக்கு அடியில் அதற்கு இடம் உண்டு.

கருப்பு நிறம்தான் பிடிக்கும். பரவாயில்லையா?

பாதுகாப்பில் ஓட்டின் நிறத்தால் வித்தியாசமில்லை. ஆனால் மற்றவர் கண்ணில் படுவதில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், கருப்பு ஹெல்மெட் போட்டவர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. நான் வெள்ளைதான் வைத்திருக்கிறேன், வெயிலுக்கும் சூடு குறைவு. கருப்பே வேண்டுமென்றால் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை உள்ள மாடலாக எடுங்கள்.

எங்கள் அத்தையும் கருப்பு வேண்டாம் என்றுதான் சொல்வார். அவர் காரணம் வேறு.